இந்தியில் விழுந்த மூன்று கோல்கள்

குடவாசலுக்குக் கிழக்கே நான் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஊரில் பஞ்சாயத்து ரேடியோவுக்கு ஒரு சட்டம் இருந்தது. ரேடியோவில் இந்தி வந்தால் நிறுத்திவிட வேண்டும். பாட்டானாலும் சரி, செய்தியானாலும் சரி, கால்பந்து வர்ணனையானாலும் சரி. ரேடியோ அறையின் சாவி கட்சிக்காரர் ஒருவரிடம் இருந்தது. ரேடியோக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். இந்தி எதிர்ப்பில் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர். நாலு அரளிச் செடியும், ஒரு சிமெண்ட் மேடையும், ஒலிபெருக்கி கட்டிய கம்பமும் இருந்த அந்த இடத்துக்குப் பூங்கா என்று பெயர். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்தியைத் திணித்தவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் எனக்கும் இருந்தது. அதில் தப்பு இல்லை. ஆனால் கால்பந்து வர்ணனையைக் கால் மணி இங்கிலீஷிலும் கால் மணி இந்தியிலும் மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள். இங்கிலீஷ் முடிந்ததும் ரேடியோக்காரர் குமிழைத் திருகுவார். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கால் மணி கழித்து மறுபடி திருகுவார். அதற்குள் ஒரு கோல் விழுந்திருக்கும். அது எப்படி விழுந்தது, யார் கோட்டை விட்டான் என்று ஊரே சண்டை போடும். கேட்ட பாதியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை. கேட்காத பாதியைப் பற்றித்தான் தொண்டை வறளப் பேசினோம்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வால்பாறையில் தேயிலை மூட்டை சுமந்தேன். பம்பாயில் தோல் ஊறவைத்தேன். கரக்பூர் ரயில்வே காலனியில் கரி அள்ளினேன். கால்பந்து என்றால் என்ன என்று அங்கேதான் பார்த்தேன். இந்தியும் அங்கே வந்ததுதான், திட்டு வாங்கி வாங்கி. டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பியபோது ஒரு மிராசுதார் வேலைக்கு வைத்துக்கொண்டார். சம்பா அறுவடையில் களத்தில் டிராக்டரை விட்டுப் போரடிப்பது என் வேலை. அந்த டிராக்டரால் எத்தனையோ பேருக்குக் கூலி நெல் போயிற்று. விவசாயத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்தது. எதிர்த்தது நியாயம். நான் ஓட்டினேன். எனக்கும் சாப்பாடு வேண்டும். களத்து ஓரத்துக் கொட்டகையில் படுத்துக்கொள்வேன். எந்தத் தெருவுக்கும் நான் சேர்த்தி இல்லை.

ஆனாலும் ஆட்டம் இருக்கிற நாளில் எல்லோரும் பூங்காவில்தான். சங்கத்தில் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். அறுபது வயது, வெற்று மார்பு, தோளில் சிவப்புத் துண்டு. அவரும் அவருடைய ஆட்களும் கம்பத்துக்கு மேற்கே நிற்பார்கள். மேடையில் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் உட்காருவார். இங்கிலீஷைத் தமிழில் சொல்வது அவர்தான். சாக்பீஸால் மேடையிலேயே பதினோரு புள்ளி வைத்து, இவன் ரைட் அவுட், இவன் சென்டர் ஃபார்வர்ட் என்று காட்டுவார்.

தேசிய அணியை எடுத்த விதத்தைப் பற்றி அந்த வருஷம் பெரிய சண்டை. நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு கோல்கீப்பர், கோலி என்போம், மெட்ராஸில் ரயில்வேக்கு ஆடிக்கொண்டிருந்தான். நல்ல உயரம். அவனை விட்டுவிட்டு வடக்கே ஒருவனை எடுத்திருந்தார்கள். அந்த வடக்கத்திக் கோலி ஆடிய ஆட்டங்களில் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

"எடுக்கறவன் மூணு பேரும் ஒரே ஊர்க்காரன். பின்ன எப்புடி நம்ம ஆளு வருவான்?" என்றார் ரேடியோக்காரர்.

"எல்லாம் பண்ணையில ஆள் எடுக்கற மாதிரிதான்யா," என்றார் சங்கத்துப் பெரியவர். "காரியக்காரன் விடியக்காலையில தெருமுனையில வந்து நிப்பான். கும்புட்டவன நீ வாம்பான். போன வருஷம் கூலி கேட்டவன நீ நில்லும்பான். எவன் நல்லா அறுப்பான்னா பாக்கறான்?"

"கோலி மட்டுமா குறை? ரைட் அவுட் பந்தை வாங்கினா அவன் அவனாவே ஓடறான். யாருக்கும் தர்றதில்ல," என்றார் டிரில் மாஸ்டர்.

"அவன் எங்க பண்ணை மாதிரி சார். ஆத்துத் தண்ணி வந்தா அவன் வயலோட நின்னுடும்," என்றார் பெரியவர்.

அன்றைக்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் மகஜர் யோசனை வந்தது. கோலியைச் சேர்க்கச் சொல்லி டெல்லிக்கு ஒரு மகஜர். டிரில் மாஸ்டர் இங்கிலீஷில் எழுதினார். மிராசுதார்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். தொழிலாளர் தெருவில் இன்னொரு தாளில் கையெழுத்தும் கைநாட்டும். அந்த ஊரில் இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டது அது ஒன்றுதான். அதிலும் ஒரே தாளில் போடவில்லை. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் கோலி அணியில் சேர்ந்துவிட்டான். மகஜரைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. நான் சந்தேகப்பட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கோலிக்கு அக்காள் ஒருத்தி உண்டு. நாற்பது வயதிருக்கும். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தவள். கருவாட்டுக் கூடையோடு எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வருவாள். மற்ற நாளில் சில்லறைக்கு விற்பாள். சம்பா அறுவடையில் களம் களமாகப் போவாள். கூலி நெல் வாங்கிய கையோடு பெண்கள் அவளிடம் நெல்லைக் கொடுத்துக் கருவாடு வாங்குவார்கள். அந்த இரண்டு வாரத்தில் சேருகிற நெல்தான் அடுத்த தை வரைக்கும் அவள் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு. தம்பி அணியில் சேர்ந்த வருஷம் எங்கள் ஊரில் அவளுக்கு மரியாதை கூடியது. கோலியோட அக்கா என்று மோர் கொடுத்தார்கள்.

"நேத்து வரைக்கும் நாத்தம் அடிக்குதுன்னு தள்ளி நில்லும்பீங்க. இன்னிக்கு என் கருவாடு மணக்குதா?" என்று கேட்டுக்கொண்டே மோரைக் குடித்தாள்.

தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளிநாட்டில் அந்த ஆட்டம் நடந்தது. கோலிக்கு அதுதான் முதல் பெரிய ஆட்டம். நான் பூங்காவில் இல்லை. டிராக்டர் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. மிராசுதார் வீட்டு வாசல் கொட்டகையில் அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மிராசுதார் நாற்காலியில் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து நிமிஷம் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை. கடைசிக் கால் மணிக்கு வர்ணனை இந்திக்கு மாறியது. தெருவுக்கு அந்தப் பக்கம் பூங்கா ஒலிபெருக்கி நின்றுபோனது எனக்குக் கேட்டது. மிராசுதார் நிறுத்தவில்லை.

"டேய், உனக்கு இந்தி தெரியுமில்ல. என்ன சொல்றான், சொல்லு," என்றார்.

கையில் கிரீஸோடு நின்று சொன்னேன். நமக்கு எதிராகப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். நம் கோலி வலது பக்கம் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான். மைதானமே எழுந்து நிற்கிறது என்கிறான். அடுத்த நிமிஷமே ஒருவன் ஓடி வந்து கோலியின் கைமேல் ஏறிவிட்டான். கை ஒடிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போகிறார்கள். பழைய வடக்கத்திக் கோலி உள்ளே வருகிறான். பிறகு ஒரு கோல். இன்னொரு கோல். கடைசி நிமிஷத்தில் மூன்றாவது.

ஆட்டம் இந்தியிலேயே முடிந்தது. மிராசுதார் டிரான்சிஸ்டரை அணைத்தார். "ம்," என்றார். அவ்வளவுதான்.

பூங்காவில் கடிகாரத்தைப் பார்த்து மறுபடி திருகியபோது ரேடியோவில் வேறு ஏதோ கச்சேரி. சாயங்காலத் தமிழ்ச் செய்தியில் இந்தியா மூன்று கோலில் தோற்றது என்று ஒரே ஒரு வரி. கோலி பெயர் வரவில்லை. எங்கள் ஊருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. தாங்கள் மகஜர் போட்டு அனுப்பிய ஆள் பதினைந்து நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கிவிட்டான். அவர்களுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பூங்காவில் எப்படிப் பேசினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

"காசு வாங்கிட்டான்யா."

"காசெல்லாம் இல்ல. பயம். வெளிநாட்டானைப் பார்த்ததும் கால் நடுங்கியிருக்கும்."

"கடக்கரையான நம்பி மகஜர் போட்டோம் பாரு, நம்மளச் சொல்லணும்."

நேற்று வரைக்கும் நம்ம ஆளு. இன்றைக்குக் கடக்கரையான். மூன்றாவது கோலை அவன் எப்படி விட்டான் என்று ஒருவன் மேடையில் படுத்தே காட்டினான். அங்கே யாருமே பார்க்காத, யாருமே கேட்காத கோல். அது விழுந்தபோது அந்தக் கோலி மைதானத்திலேயே இல்லை. நான் அரளிச் செடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. டிராக்டரை நிறுத்தச் சொல்லி அந்த வாரம்தான் சங்கத்தார் களத்துக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அடி விழும் என்று நினைத்தேன். அடிக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை அவள் கூடையோடு வந்தாள். முதல் களத்தில் ஒருத்தியும் வாங்கவில்லை. இரண்டாவது களத்தில் யாரோ வைக்கோலை அள்ளிக் கூடையில் போட்டான். "மூணு கோலுக்கு மூணு கருவாடு சும்மா குடுத்துட்டுப் போ," என்றான் இன்னொருவன். அவள் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஒங்கள்ல எவன்டா பந்தடிக்கற களத்துல நின்னவன்?" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாளும் வந்தாள். வராமல் இருக்க முடியாது. அறுவடை இன்னும் பத்து நாள்தான்.

அந்தப் பத்து நாளைத்தான் ரேடியோக்காரர் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மகஜர் எழுதினார். இந்தத் தடவை தமிழில், அவரே. கோலியை நீக்க வேண்டும். முதல் மகஜரில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் இதிலும் போட்டுத் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. அவன் அக்காளும் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் எந்தக் களத்திலும் தடை இல்லை. வைக்காவிட்டால் இந்த ஊர்க் களத்தில் அவள் கூடை இறங்கக் கூடாது. சங்கத்துப் பெரியவரும் தலையாட்டினார். ஊர்க் கட்டுப்பாடு என்று எதையெதையோ எதிர்த்து நின்ற மனிதர். அவரே கட்டுப்பாடு போட்டார்.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மிராசுதாரிடம் போனேன். அவர் வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"பூங்காவுல காட்டணுங்க. அந்தப் பொம்பளையப் போட்டு வறுக்கறாங்க."

அவர் சிரித்தார். "மூணு நாளா ஒருத்தனாவது அரைப்படி கூலி கூடப் போடுன்னு கேட்டானா பாத்தியா? பேசாம இரு. ரேடியேட்டரப் பாரு."

உள்ளே போய்விட்டார். பேப்பர் கட்டு கொட்டகை மூலையில்தான் கிடந்தது. எடுத்து வேட்டிக்குள் செருகிக்கொண்டேன். திருட்டுதான். அவர் சிரித்த சிரிப்புக்கு அது காணாது.

பூங்காவில் கூட்டம் இருந்தது. அவளும் கூடையோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். பெனால்டியைப் பிடித்தது, கை ஒடிந்தது, வேறு ஆள் வந்தது, மூன்று கோல்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்றார் ரேடியோக்காரர்.

"கேட்டேண்ணே. இந்தியில சொன்னான்."

"இந்தியில கேட்டியா?"

"எனக்குத் தெரியுமில்ல. கரக்பூர்ல இருந்தேன்."

"எங்கள ஜெயில்ல போட்டாங்களே, அப்ப நீ அங்க இருந்து இந்தி படிச்சிக்கிட்டு இருந்த. இப்ப வந்து எங்களுக்கு ஆட்டம் சொல்றியா?"

பேப்பரை எடுத்து டிரில் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். "ஆமா. அப்படித்தான் போட்டிருக்கு. நம்ம ஆளு இருந்தவரைக்கும் ஒரு கோலும் விழல," என்றார்.

அது முடிவாக இருந்திருக்க வேண்டும். எந்த ஊரிலும் அது முடிவாக இருக்கும். சங்கத்துப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அது யார் வூட்டுப் பேப்பர்?"

எல்லோருக்கும் தெரியும்.

"பண்ணை வூட்டுப் பேப்பர் எப்பய்யா நமக்கு நல்லது சொல்லியிருக்கு? போன போராட்டத்துக்கு அதுல என்ன எழுதினான்? நாமதான் கலகம் பண்ணினோம்னு எழுதினான்." அவர் என் பக்கம் திரும்பினார். "சரி, ஒன் பேச்சே நெசம்னு வச்சிக்க. சனிக்கெழம கேட்ட. அப்பவே யாருக்குச் சொன்ன?"

"ஐயா கேட்டாரு. சொன்னேன்."

"பண்ணைக்கு நின்ன எடத்துலயே சொல்லத் தெரிஞ்சிது. எங்களுக்குச் சொல்ல இத்தனை நாளா?"

  அவர் சொன்னதில் மற்றதெல்லாம் வீம்பு. அது ஒன்று மட்டும் நிஜம்.

ரேடியோக்காரரின் வீம்பு வேறு. பெனால்டியைப் பிடித்தது உண்மை என்றால், இந்த ஊருக்குச் சொந்தமான அந்த ஒரு நிமிஷத்தை அணைத்தது அவர் கை. அதை ஒத்துக்கொள்வதற்குப் பதில் ஒருத்தியின் சோற்றில் மண் போடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. "கை ஒடிஞ்சிதுங்கறதெல்லாம் சாக்கு. மூணு கோல் வாங்கினவன் என்ன சொல்லுவான், தூங்கிட்டேன்னா சொல்லுவான்?" என்றார். கூட்டம் சிரித்தது. டிரில் மாஸ்டர் பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, குடவாசல் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். படித்தவர்.

அவள் எழுந்து வந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"எந்தக் கை?"

"என்னக்கா?"

"ஒடிஞ்சிதுன்னியே. எந்தக் கை?"

அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. அத்தனை நாள் ஆகியும் தெரிந்தவர்கள் ஒருவரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. நான் உட்பட. "வலது கைக்கா," என்றேன்.

அவள் ரேடியோக்காரரைப் பார்த்து, "அந்தக் காயிதத்தக் குடு. தம்பி படிக்கட்டும்," என்றாள்.

நான் படித்தேன். மேற்படி கோலி நாட்டுக்கும் தமிழினத்துக்கும் தலைகுனிவை உண்டாக்கிவிட்டபடியால் அன்னாரை உடனே நீக்கும்படி என்று இருந்தது. படிக்கப் படிக்க என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சேக்கறப்பயும் நீங்கதான் சேத்தீங்க. தள்றப்பயும் நீங்கதான் தள்றீங்க. அவன் பந்து புடிச்சி ஒருத்தரும் பாத்ததில்ல," என்றாள். "கைய வச்சா எல்லாக் களமும் உண்டா?"

"உண்டு," என்றார் பெரியவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு இன்னொரு ஆட்டத்துல தோத்தாலும்?"

அவள் பஞ்சாயத்து ஆபீஸ் மை டப்பாவில் கட்டைவிரலை அழுத்தி மகஜரின் அடியில் வைத்தாள். மீதி மையை மேடையில் துடைத்தாள், டிரில் மாஸ்டர் சாக்பீஸால் பதினோரு புள்ளி வைத்திருந்த இடத்தில். கூடையைத் தலைக்கு ஏற்றச் சொல்லி என்னைக் கேட்டாள். ஏற்றிவிட்டேன். நேராகக் களத்துக்குப் போனாள்.

அந்த அறுவடையில் அவளுக்கு நெல் கிடைத்தது. சொன்னபடி யாரும் தடுக்கவில்லை. அடுத்த வாரம் கூலிப் போராட்டம் தொடங்கிவிட்டது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். போலீஸ் வந்தது. கால்பந்து ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பேப்பர் திருடியதைச் சொல்லி மிராசுதார் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். சங்கத்தார் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டும் எதிர்பார்த்ததுதான்.

கிளம்புகிற அன்று பூங்கா வழியாக வந்தேன். ரேடியோ அறை திறந்திருந்தது. ரேடியோ வைத்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் கீழே நாலாக மடித்த தாள் ஒன்று செருகியிருந்தது. ஓரத்தில் ஊதா மை தெரிந்தது. குனிந்து உருவினேன்.

"டேய், எடுக்காத. மேசை ஆடும்," என்றார் ரேடியோக்காரர்.

"இத டெல்லிக்கு அனுப்பலையா அண்ணே?"

"எங்க நேரம்? போராட்டம் வந்துட்டுதுல்ல."

மேசை ஆடியது. ஆடட்டும் என்று வெளியே வந்தேன். அவரை அடித்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் பலமுறை நினைத்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். பிரித்து, கைநாட்டுகளில் தன்னுடையது எது என்று தேடினாள். நான் காட்டினேன்.

"அனுப்பவே இல்லியா?"

"இல்லக்கா."

"அப்ப குடுத்த நெல்லத் திருப்பிக் கேப்பானுங்களா?"

அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். கேட்க மாட்டார்கள் என்றேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பி மெட்ராஸில் ரயில்வே ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், கை நேராகக் கூடவில்லை என்று கடிதம் வந்திருப்பதாகவும் சொன்னாள். கடிதத்தில் ஆட்டத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் எழுதவில்லையாம். அதன் பிறகு அவனை அணிக்கு எடுக்கவில்லை. அதற்கு எந்த ஊரும் மகஜர் போட வேண்டியிருக்கவில்லை.

"நீ கேட்டியே, அதச் சொல்லு. பெனால்டி குடுத்தாங்கன்னியே, அதுலேருந்து," என்றாள்.

வெயிலில் நின்று சொன்னேன். அன்றைக்கு மிராசுதாருக்குச் சொன்னதைவிட நிதானமாகச் சொன்னேன். அவன் எந்தப் பக்கம் பாய்ந்தான், பந்து எந்த உயரத்தில் வந்தது, கூட்டம் எழுந்து நின்றதை இந்தியில் எப்படிச் சொன்னான், எல்லாம். அவள் நெத்திலியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கை ஒடிந்த இடத்தில் மட்டும் கிளறுவது நின்றது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்லி, வேறு கோலி வந்ததையும் சொல்லி, முதல் கோலை ஆரம்பித்தேன்.

"போதும் தம்பி," என்றாள். "அது வேற ஆளு வாங்குனது. எனக்கு எதுக்கு?"